மணிக்கணக்கும் அநுபவமும்

விமானி உத்தியோகத்தை நாடும் வாலிபர்கள் நமது தேசத்தில் நாளுக்கு நாள் பெருகி வருகிறார்கள். 1929-ம் வருஷம் பிப்ரவரி 10-ந் தேதி ஸ்ரீ ஜே. ஆர். டி. டாட்டா இந்தியாவின் முதல் விமானி லைசென்ஸைப் பெற்ற காலத்தில், விரல் விட்டு எண்ணத்தக்க தனவந்தர்களுக்கே எட்டிய வித்தை, இன்று நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் எட்டியிருப்பது சந்தோஷிக்கத்தக்கதே. ஆயினும், வீட்டையும் நிலத்தையும் ஈடு வைத்து லைசென்ஸ் பெறும் இவர்களில் பலர், அதற்கு மேல் செல்லும் மார்க்கம் தெரியாமல் திகைக்கின்றனர். கம்பெனிகளும் செல்வர்களும் தமக்கென வைத்திருக்கும் விமானங்களில் வேலை தேடுவோர் அவர்களில் ஒரு சாரார். அவ்வேலைக்குத் தகுந்த அநுபவம் யாது என்பது பற்றி நமது அபிப்பிராயத்தைக் கூற விரும்புகிறோம்.

நமது சர்க்காரின் விதிப்படி, வர்த்தக விமானி லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி தாமே தலைமைப் பொறுப்பேற்றுப் பறந்ததாக இருக்கவேண்டும். அடுத்த உயர்ந்த லைசென்ஸுக்கோ 1500 மணி தேவை. இடையிலுள்ள இந்த அகழியைத் தாண்டுவதற்காகச் சிலர், நல்ல வெயிலில், பழகிய மைதானத்தையே சுற்றிச் சுற்றி மணிகளைச் சேர்க்கின்றனர். செக்குமாடு நாளெல்லாம் நடந்தும் ஊர் போய்ச் சேருவதில்லை. இன்னும் சிலர் பறக்காத மணிகளையே பறந்ததாக எழுதிக்கொண்ட மோசடி 2011-ம் வருஷத்தில் ராஜஸ்தானத்தில் அம்பலமாயிற்று. பொய்க்கணக்கு எழுதும் வியாபாரி பிறர் பணத்தையே அழிக்கிறான். பொய்க்கணக்கு எழுதும் விமானியோ பிறர் உயிரையும் தன் உயிரையும் சேர்த்தே பணயம் வைக்கிறான்.

கம்பெனி விமானத்தின் வேலை தனிப்பட்டது. பெரிய விமான சர்வீஸ்களில் வானிலையை ஆராயவும், பெட்ரோலைக் கணக்கிடவும், வழி வகுக்கவும் தனித்தனிச் சிப்பந்திகள் உண்டு. கம்பெனி விமானத்திலோ பெரும்பாலும் இவையெல்லாம் இரண்டு விமானிகளின் தலையிலேயே விழும். காலையில் ஒரு நகரம், மாலையில் முன்பின் பார்த்திராத குறுகிய ஓடுபாதை. ஆகையால், இரட்டை எஞ்சின் விமானம், மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறத்தல், இராப் பிரயாணம், புதிய புதிய விமான நிலையங்கள், மற்றொரு விமானியுடன் ஒத்துழைத்தல் ஆகிய இவற்றில் பெற்ற 500 மணி, மைதானத்தைச் சுற்றிய 1000 மணியைவிட மேலானது என்பது நமது துணிபு.

எத்தனை ஆயிரம் மணிகள் சேர்ந்தாலும், ஒழுங்கு இல்லையேல் அவை காப்பதில்லை. 2014-ம் வருஷம் மே 31-ந் தேதி அமெரிக்காவில் பெட்ஃபோர்டு என்னுமிடத்தில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் விமானம் கிளம்ப முடியாமல் ஓடுபாதையைக் கடந்து சென்று தீப்பற்றி எரிந்து, ஏழு பேர் மாண்டனர். நிறுத்தி வைக்கும்போது காற்றில் ஆடாதபடி இறக்கை, வால் பலகைகளுக்கு இடும் பூட்டை எடுக்காமலே விமானிகள் புறப்பட்டுவிட்டனர். பலகைகள் தடையின்றி அசைகின்றனவா என்று பார்த்திருந்தால் அது அக்கணமே தெரிந்திருக்கும். விசாரணையில், அதற்கு முந்திய 175 பயணங்களில் இரண்டே தடவைதான் அப்பரிசோதனை முழுமையாகச் செய்யப்பட்டிருந்தது என்று தெரியவந்தது. அவ்விருவருமோ பதினாயிரம் மணிக்கு மேல் பறந்தவர்கள்! அசட்டையும் பழகப் பழக அநுபவம்போலத் தோன்றிவிடுகிறது.

மற்றொரு குணமும் வேண்டும். அது எஜமானன் முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்லும் நெஞ்சுரம். 2001-ம் வருஷம் மார்ச் 29-ந் தேதி, மலைகள் சூழ்ந்த ஆஸ்பென் நகரத்தில், இருட்டும் பனிமழையும் கூடிய வேளையில் இறங்க முயன்ற வாடகை ஜெட் விமானம் மோதி, அதிலிருந்த 18 பேரும் இறந்தனர். ஓடுபாதை சரியாகத் தெரியாமலே தாழப் பறந்தது விமானிகளின் பிழை. ஆனால், அங்கேயே இறங்கவேண்டுமென்று விமானத்தை அமர்த்தியவர் செய்த நிர்ப்பந்தமும் ஒரு காரணம் என்று விசாரணை அதிகாரிகள் முடிவு செய்தனர். பணம் கொடுப்பவரின் கோபத்துக்கு மேகமும் மலையும் அஞ்சுவதில்லை.

எனவே, விமானங்களை வைத்திருக்கும் முதலாளிகளுக்கு நாம் சொல்வது இது: மணிக்கணக்கை மட்டும் பார்த்து ஆள் எடுக்காதீர்கள். தேர்ந்த தலைவரின் கீழ் இளைஞர்களை இரண்டாம் விமானியாக அமர்த்திப் பயிற்சி கொடுங்கள். வானிலை சரியில்லை என்று பறக்க மறுப்பவனுக்கு வேலை போகாது என்று எழுத்து மூலம் உறுதி கூறுங்கள். சர்க்காரோ, விமானப் பள்ளிகளில் ஆசிரியர்களுக்கும் விமானங்களுக்கும் குறைவில்லாதபடி செய்து, லாக் புத்தகங்களை ஈவிரக்கமின்றிப் பரிசோதிக்கவேண்டும்.

வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. மணி சேர்க்கும் அவசரத்தில் மனத்தைத் தளரவிடாதீர்கள். பிறருக்குப் பறக்கக் கற்பிக்கும் வேலை கிடைத்தால் அதைத் தாழ்வென்று எண்ணாதீர்கள். மாணவனின் பிழையைத் திருத்துகிறவன் தன் பிழையையும் காண்கிறான். பறந்ததை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் ஜாபிதாவை முழுமையாகப் படியுங்கள். பின்னால் அமர்ந்திருப்பவர் மந்திரியாயினும் கோடீசுவரராயினும், அவர் உயிர் உங்கள் கையில் இருக்கிறது. அதைப் பத்திரமாகத் தரையில் சேர்ப்பதைவிடப் பெரிய ராஜவிசுவாசம் வேறில்லை.