பெற்றோரின் உரிமையும் சந்தையின் கணக்கும்



பிள்ளைகளுக்கான பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்பது திருச்சபையின் தெளிவான போதனை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டு வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை இவ்வுரிமையை வலியுறுத்துகிறது. அரசின் நிதி அதற்குத் துணைநிற்க வேண்டும் என்றும் கேட்கிறது. அப்படியானால், 'பெற்றோர் தேர்ந்தெடுக்கட்டும், அரசு பணம் தரட்டும்' என்று ஒரு நாடு சொன்னால் நாம் மகிழத்தானே வேண்டும்? சுவீடன் நாட்டின் அனுபவம் நம்மைச் சற்று நின்று சிந்திக்க அழைக்கிறது.

1992-ஆம் ஆண்டு அந்நாடு, தனியார் பள்ளிகளுக்கும் மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்று பொதுப்பணம் வழங்கத் தொடங்கியது. மாணவர் எங்கு செல்கிறாரோ, பணமும் அங்கே செல்லும். பெற்றோரிடம் கட்டணம் வாங்குவதும் பின்னர் தடைசெய்யப்பட்டது. இதுவரை நல்லதே. ஆனால் பள்ளி நடத்தும் நிறுவனம் இலாபம் ஈட்டவும், அதைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கவும் தடை விதிக்கப்படவில்லை. பெரிய நிறுவனங்கள் கல்வியில் முதலீடு செய்தன. சில பங்குச் சந்தையிலும் இடம்பெற்றன.

விளைவு என்ன? 2013-இல் ஜே.பி. எஜுகேஷன் என்ற நிறுவனம் நட்டத்தில் மூழ்கியது. அதன் பள்ளிகளில் பயின்ற சுமார் 10,000 மாணவர்களின் படிப்பு கேள்விக்குறியானது. கடை மூடினால் வேறு கடைக்குப் போகலாம். பாதி ஆண்டில் பள்ளி மூடினால் பிள்ளை எங்கே போகும்?

2012-ஆம் ஆண்டின் பன்னாட்டு மாணவர் தேர்வான பீசாவில், கணிதம், வாசிப்பு, அறிவியல் மூன்றிலும் சுவீடன் வளர்ந்த நாடுகளின் சராசரிக்குக் கீழே இறங்கியது. இதற்குச் சந்தை மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது. பின்னர் மதிப்பெண்கள் சற்று உயர்ந்து, 2022-இல் மீண்டும் சரிந்தன. ஆயினும் 2023-இல், அப்போதைய பள்ளிக்கல்வி அமைச்சர் லோட்டா எட்ஹோல்மே இந்த அமைப்பு தோல்வியுற்றதாக ஒப்புக்கொண்டார்.

கோளாறு எங்கே? பல தனியார் பள்ளிகளில் முதலில் பதிவு செய்தவருக்கே இடம். விவரம் அறிந்த பெற்றோர் குழந்தை பிறந்த உடனேயே பெயரைப் பதிவு செய்கின்றனர். நேற்று வந்த அகதிக் குடும்பம் வரிசையின் கடைசியில் நிற்கிறது. நகராட்சியோ எந்தப் பிள்ளைக்கும் பள்ளி இடம் மறுக்க இயலாது. மாணவர் சிலர் விலகும்போது பணம் குறைகிறது. கட்டடச் செலவும் ஆசிரியர் ஊதியமும் குறைவதில்லை. எஞ்சிய பிள்ளைகளே அந்த இழப்பைச் சுமக்கின்றனர். இப்படி, பெற்றோருக்கென்று சொல்லப்பட்ட தேர்வுரிமை, மெல்ல மெல்லப் பள்ளியின் தேர்வுரிமையாக மாறிவிடுகிறது.

திருச்சபை கேட்கும் சுதந்திரம் இதுவன்று. அதே சங்க அறிக்கை, வறியோர்மீதும் குடும்ப அன்பை இழந்தோர்மீதும் கத்தோலிக்கப் பள்ளிகள் தனி அக்கறை கொள்ள வேண்டும் என்கிறது. ஆகவே, இக்கேள்வி சுவீடனுக்கு மட்டும் உரியதன்று. தேர்ச்சி விழுக்காட்டைக் காப்பாற்ற மெதுவாய்க் கற்கும் பிள்ளைக்குக் கதவை மூடும் எந்தப் பள்ளியும், வாயிலில் புனிதர் பெயரைத் தாங்கியிருந்தாலும், சந்தையின் கணக்கைத்தான் போடுகிறது.

நூறு ஆடுகளில் ஒன்று தவறினால், சந்தைக்கு அது ஒரு விழுக்காடு நட்டம். லூக்கா நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தின் ஆயருக்கோ, அதுவே தேடிப் போகவேண்டிய ஆடு. நம் பள்ளிகள் எந்தக் கணக்கைப் போடுகின்றன? பங்குப்பேரவையிலும் பெற்றோர் கூட்டத்திலும் இக்கேள்வியை எழுப்புவோம்.