கணிப்பு பலித்தது... காவிரி ஏன் காய்ந்தது?

2023 ஏப்ரலில் இந்திய வானிலை ஆய்வு மையம் சொன்ன கணக்கு: தென்மேற்குப் பருவமழை சராசரியில் 96% பெய்யும், 5% முன்பின் ஆகலாம். பெய்தது 94%. அப்போ கணிப்பு பாஸ்தானே? ஆனால், அந்த ஜூன் 12-ல் திறந்த மேட்டூர் அணையை அக்டோபரிலேயே மூட வேண்டிவந்தது. டெல்டாவில் குறுவை கருகியது.

எங்கே இடிக்குது? அந்த 96% என்பது மொத்த இந்தியாவுக்கு, நான்கு மாதத்துக்கும் சேர்த்துப் போட்ட சராசரி. ஜூலையில் இமாச்சலத்தில் வெள்ளம்; ஆகஸ்ட்டோ 1901-க்குப் பிறகு மிக வறண்ட ஆகஸ்ட். முக்கொம்பில் காவிரி, கொள்ளிடம் எனப் பிரிந்து ஸ்ரீரங்கத்தைச் சுற்றும் தண்ணீருக்குக் குடகும் வயநாடும் நனைய வேண்டும். இமாச்சல மழை இங்கே வராது.

துருவத்திலும் இதே கதைதான். செப்டம்பரில் ஆர்க்டிக் கடலில் எவ்வளவு பனி மிஞ்சும் என்று ஆய்வுக் குழுக்கள் ஜூனிலேயே கணிக்கின்றன. 2012-ல் பெரும்பாலானவர்கள் சொன்னதைவிட அதிகமாக உருகி, சுமார் 34 லட்சம் சதுர கி.மீ. என்ற சாதனைக் குறைவைத் தொட்டது. உஷாராகி 2013-ல் குறைத்துச் சொன்னார்கள்; பனி கூடுதலாக மிஞ்சியது. பனி வருஷத்துக்கு வருஷம் குறையும் போக்கு தெளிவு. ஆனால், ஒரு குறிப்பிட்ட வருஷத்தை முடிவு செய்வதில் ஜூலை, ஆகஸ்ட் காற்றுக்கும் மேகத்துக்கும் பெரிய பங்கு. ஜூனில் அது தெரியாது. தவிர, கப்பல் கேப்டனுக்கு மொத்தப் பனியின் அளவு எதற்கு? தன் பாதை திறக்குமா என்பதுதான் கேள்வி.

நம் விவசாயியின் கேள்வியும் அதேதான். 2024-ல் கணிப்பு 106%, பெய்தது 108%. ஆனால் ஜூன் 12-ல் அணையில் போதிய தண்ணீர் இல்லை. ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். இரண்டே நாளில் 120 அடி நிரம்பி, உபரி கொள்ளிடத்தில் ஓடியது. குறுவைக்கு அது லேட்!

வானிலை மையம் இடவாரியான வாய்ப்புகளையும் வரைபடமாக வெளியிடுகிறது. செய்தியில் அடிபடுவதோ ஒற்றை எண் மட்டும். 'காவிரி நீர்ப்பிடிப்பில் மழை குறைய எத்தனை சதவீத வாய்ப்பு?' என்பதை மேட்டூர் நீர்மட்டத்தோடு சேர்த்து, எளிய தமிழில், மாதாமாதம் அரசு சொல்ல வேண்டும். நாற்று விடலாமா, உளுந்துக்கு மாறலாமா என்று யோசிப்பவருக்கு நாட்டின் சராசரி உதவாது.