பிள்ளை வாய் திறக்கும்போது



பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் நள்ளிரவென்றும் பாராமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். கால் முறிந்தால் கட்டுப் போடுகிறோம். அண்டை அயலார் வந்து பார்த்து ஆறுதல் சொல்கின்றனர். அதில் நமக்கு வெட்கமில்லை. ஆனால் பிள்ளையின் உள்ளம் முறிந்துவிட்டால் என்ன செய்கிறோம்? கதவைச் சாத்திக்கொள்கிறோம். இம்மாதம் அந்தச் சாத்திய கதவைப் பற்றியே எழுத வேண்டியிருக்கிறது. எழுதுமுன் நம் பிழையொன்றையும் அறிக்கையிட வேண்டியிருக்கிறது.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அப்பொழுது நாம் உதவிப் பங்குத் தந்தை. ஞாயிறு திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது ஒரு தாய் தயங்கித் தயங்கி வந்து நின்றார். வீட்டுக்கு வந்துபோகும் நெருங்கிய உறவினர் ஒருவர், பத்து வயது மகளிடம் தகாத முறையில் நடந்துகொண்டிருக்கிறார். பிள்ளையே தாயிடம் சொல்லியிருக்கிறாள். “வெளியே சொன்னா குடும்பமே உடைஞ்சிடும், சாமி. நான் என்ன செய்யட்டும்?” என்று அழுதார். நாம் சொன்ன அறிவுரை இது: “அந்த ஆளை இனி வீட்டில் சேர்க்காதீர்கள். பிள்ளையிடம் இதைப் பற்றிப் பேசாதீர்கள், தானாக மறந்துவிடுவாள். அவரை மன்னித்து, அவருக்காகச் செபியுங்கள்.” நல்லதைச் சொன்னோம் என்ற நிறைவோடுதான் அன்று உணவருந்தச் சென்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பிள்ளை நம்மைத் தேடி வந்தார். இப்பொழுது அவரே ஒரு தாய். “அதற்குப் பிறகு அம்மா என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, சாமி. அதனால் தப்புச் செய்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஞாயிறும் பயந்து பயந்துதான் நன்மை வாங்கினேன்” என்றார். நாம் தலைகுனிந்தோம். மன்னிப்புக் கேட்டோம். அவருடைய இசைவோடும், அவரை யாரும் அறிந்துகொள்ளாதபடியும் இதை எழுதுகிறோம்.

நாம் அன்று புரிந்துகொள்ளாதது எது? பிள்ளை மறப்பதில்லை. பெரியவர்கள் வாய் மூடினால், அந்த மௌனத்தைத் தன்மேல் விழுந்த தீர்ப்பாகவே பிள்ளை எடுத்துக்கொள்கிறது.

திருமறை நூல் இதை மறைக்கவில்லை. சாமுவேல் இரண்டாம் நூல் 13ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். தாவீதின் மகள் தாமாரைக் கெடுத்தவன் அந்நியன் அல்லன். ஒரே தந்தைக்குப் பிறந்த அம்னோன். அவளுடைய உடன்பிறந்தான் அப்சலோம், பேசாதிரு என்று அவள் வாயை அடைத்தான். தந்தை கேள்விப்பட்டுச் சினந்தார். ஆனால் மகனைத் தண்டித்ததாகவோ, மகளிடம் ஒரு சொல் பேசியதாகவோ நூல் கூறவில்லை. தாமார் அண்ணன் வீட்டில் துயருற்றுத் தனித்துக் கிடந்தாள். இரண்டு ஆண்டுகளுக்குப்பின் அந்த வீட்டில் இரத்தம் சிந்தியது. குடும்ப மானத்தைக் காக்கும் மௌனம் குடும்பத்தைக் காக்கவில்லை.

“நம் வீடுகளில் இப்படி நடக்குமா?” என்று கேட்பீர்கள். மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் ஆய்வு நடத்தி 2007இல் வெளியிட்டது. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஏதேனுமொரு வகைப் பாலியல் கொடுமைக்கு உட்பட்டதாகத் தெரிவித்தனர். சிறுமியர் மட்டுமல்ல, சிறுவரும் அவ்வாறே கூறினர். கொடுமை செய்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பிள்ளை அறிந்தவர்கள், நம்பியவர்கள். தெருவில் போகும் முன்பின் அறியாதவனைக் குறித்து எச்சரிப்பது மட்டும் போதாது என்பது இதனால் விளங்கும்.

அப்படியானால் பிள்ளை ஏன் உடனே சொல்வதில்லை? கொடுமை செய்தவர் அன்புக்குரியவராய் இருப்பார். “இது நம் இருவருக்குள் இரகசியம்” என்று பழக்கியிருப்பார். “சொன்னால் உன் அம்மா செத்துப்போவாள்” என்று மிரட்டியிருப்பார். ஆகவே வாய் பேசாததை உடலும் நடத்தையும் பேசும். நின்றுபோன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் வழக்கம் திரும்பும், காரணம் தெரியாத வயிற்றுவலி வரும், தூக்கத்தில் அலறும், குறிப்பிட்ட ஒருவரின் வீட்டுக்குப் போக மறுக்கும், படிப்பு திடீரெனச் சரியும். இவற்றுள் ஒன்றை மட்டும் கண்டு முடிவு கட்டிவிடலாகாது. ஆனால் கண்டும் கேளாமல் இருக்கலாகாது.

பிள்ளை சொல்லத் தொடங்கும் அந்த நேரமே பெற்றோருக்குப் பெருஞ்சோதனை. அலறாதீர்கள். “நீ ஏன் அங்கே போனாய்? ஏன் முன்பே சொல்லவில்லை?” என்று கேட்காதீர்கள். துருவித் துருவி விசாரிக்காதீர்கள். மூன்று சொற்கள் போதும்: “உன்னை நம்புகிறேன். இது உன் தவறல்ல. இனி உன்னைக் காப்பாற்றுவேன்.” பிறகு, சொன்னதைச் செய்யுங்கள்.

அடுத்து, ஆற்றுப்படுத்துதல். இச்சொல்லைக் கேட்டதும் “என் பிள்ளைக்கென்ன பைத்தியமா?” என்று கலங்குவோர் உண்டு. முறிந்த எலும்பு சரியாகக் கூடுவதற்குக் கட்டுப் போடுகிறோமே, அது போன்றதே இது. பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநர் முதல் நாளே நடந்ததைக் கேட்கமாட்டார். விளையாட்டாலும், வரையும் படத்தாலும், பொம்மையாலும் பிள்ளையின் நம்பிக்கையைப் பெறுவார். அச்சம் பொங்கும்போது மூச்சை ஒழுங்குபடுத்தவும், கோபம், வெட்கம், துயரம் என்று தன் உணர்வுகளுக்குப் பெயர் சொல்லவும் கற்பிப்பார். பிள்ளைக்குத் துணிவு பிறந்தபின், அதன் வேகத்திலேயே, நடந்ததைச் சிறிது சிறிதாகச் சொல்ல வைப்பார். அப்பொழுது, “என்னால்தான் நடந்தது” என்ற பொய் உடைகிறது. அந்த நினைவு பிள்ளையை ஆளும் வலிமையை இழக்கிறது. இது ஓரிரு நாளில் முடிவதன்று. வாரந்தோறும் சென்று சில மாதங்கள் ஆகலாம். தாய் தந்தையரையும் அழைத்து அவர் பேசுவார். ஏனெனில், பிள்ளை தேறுவதற்குப் பெற்றோரின் ஆதரவைப் போன்ற மருந்து வேறில்லை. வளர்ந்தவருக்கும் காலம் கடந்துவிடவில்லை. நம்மைத் தேடி வந்த அந்தச் சகோதரி முப்பது வயதுக்குமேல்தான் ஆற்றுப்படுத்துநரிடம் சென்றார். அங்கே பெற்ற துணிவே அவரை நம்மிடம் அழைத்து வந்தது.

“செபம் போதாதா, சாமி?” என்று ஒருவர் கேட்டார். செபம் வேண்டும். ஆனால் காய்ச்சலுக்குச் செபித்துவிட்டு மருந்தை மறுப்பதில்லையே! மன்னிப்பைப் பற்றியும் ஒரு சொல். மன்னிப்பு என்பது காயப்பட்டவர் தம் காலத்தில், தம் உரிமையில் தரும் கொடை. அதைப் பிள்ளையிடம் பிடுங்குவது இன்னொரு கொடுமை. மன்னிப்பு நீதியைத் தள்ளுபடி செய்வதுமில்லை.

நீதியைப் பொறுத்தவரை, 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண், பெண் பிள்ளைகள் அனைவரையும் காக்கிறது. குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். தெரிவிக்கத் தவறுவதும் தண்டனைக்குரியது. காவல்நிலையத்தை எண்ணி அஞ்ச வேண்டாம். பிள்ளையின் வீட்டிலேயே, சீருடை அணியாத அதிகாரி வாக்குமூலம் பெற வேண்டும். பிள்ளையின் பெயரும் படமும் செய்தித்தாளில் வரக்கூடாது என்பதும் அச்சட்டத்தின் கட்டளையே. 1098 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற அரசு எண் உண்டு.

இறுதியாக, நம் இல்லத்தையும் பெருக்கவேண்டும். குருக்களும் துறவியரும் இப்பாவத்தைச் செய்ததுண்டு. திருச்சபையின் பெயரைக் காக்கவென்று அதை மூடி மறைத்தவர்களும் உண்டு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட சட்டம், இத்தகைய குற்றத்தை அறியும் குருக்களும் துறவியரும் திருச்சபை அதிகாரிகளுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று விதித்தது; நாட்டுச் சட்டம் கேட்பதையும் அது தள்ளவில்லை. ஆகவே, குற்றம் சாட்டப்படுபவர் அங்கி அணிந்தவராயினும் தயங்காதீர்கள். பிள்ளையை நம்புங்கள்.

நம் ஆண்டவர் யார் பெரியவர் என்ற சீடரின் கேள்விக்கு ஒரு குழந்தையை அழைத்து நடுவில் நிறுத்தினார், ஓரத்தில் அல்ல. அன்று அந்தத் தாயிடம் நாம் சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்கள் ஒவ்வொருவரிடமும் சொல்கிறோம்: இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் உங்கள் பிள்ளையை அருகில் அமர்த்தி, “எதுவானாலும் என்னிடம் சொல்லலாம், நான் கோபிக்கமாட்டேன்” என்று சொல்லுங்கள். சொல்வீர்களா?