பல் பிடுங்கிய மறுநாள் கூடையைச் சுமக்கச் சொல்லக்கூடாது

தோட்டத்தில் பல்வலி வந்தால் முதல் வைத்தியம் கராம்பு. அடுத்தது டிஸ்பென்சரியில் வாங்கும் இரண்டு பனடோல். அதற்கும் அடங்காவிட்டால் புகையிலைத் துண்டை வலிக்கிற பக்கத்தில் அடக்கிக்கொண்டு மலைக்கு ஏறுகிறோம். கன்னம் வீங்கி, வாய் திறக்க முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது. அதற்குள், அடைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய பல், பிடுங்கியே ஆகவேண்டிய பல்லாகிவிடுகிறது.

இதை நமது அறியாமை என்று சிலர் சொல்கிறார்கள். அது முழு உண்மை அல்ல. அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் வைத்தியம் இலவசம்தான். ஆனால் டவுனுக்குப் போய்வரக் காசு வேண்டும், விடியற்காலையிலேயே போய் நம்பர் எடுக்க வேண்டும், அன்றைய பேரும் போய்விடும். ஆகவே வலியைப் பொறுத்துக்கொள்கிறோம். இதோடு பயமும் சேர்ந்துகொள்கிறது. உள்ளே போனால் என்ன நடக்கும் என்று யாரும் நமக்கு விளக்கிச் சொல்வதில்லை. முதலில் அதைத் தெரிந்துகொள்வோம்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பிரஷர், சீனி வியாதி, இருதய நோய், ஆஸ்துமா இருந்தால் கிளினிக் கொப்பியையும் குடிக்கிற மருந்துகளையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து குடிப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் டாக்டர் சொல்லாமல் எந்த மருந்தையும் நிறுத்தக்கூடாது. கர்ப்பிணித் தாய்மார் அதையும், மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் எந்த மருந்து என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முரசில் விறைப்பு ஊசி போடுவார்கள். சுருக்கென்று வலிக்கும். சில நிமிடங்களில் உதடும் கன்னமும் மரத்துப்போகும். பல்லை அசைக்கும்போது அழுத்தம் தெரியும், சத்தமும் கேட்கும். ஆனால் குத்துகிற வலி இருக்கக்கூடாது. வலித்தால் கையைத் தூக்குங்கள், இன்னும் மருந்து போடுவார்கள். அப்படிக் கேட்பது நமது உரிமை. சீழ் கட்டியிருக்கும் இடத்தில் விறைப்பு ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம். அதனால் சில வேளை முதலில் மருந்து கொடுத்து, இன்னொரு நாள் வரச்சொல்வார்கள். நம்மை அலைக்கழிக்கிறார்கள் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற பேச்சிலும் உண்மையில்லை. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு.

பிடுங்கிய இடத்தில் வைக்கும் பஞ்சை அரை மணி நேரமாவது இறுக்கிக் கடித்திருக்க வேண்டும். அந்தக் குழியில் உறையும் இரத்தம்தான் புண்ணை மூடிக் காக்கிறது. முதல் நாள் வாயைக் கொப்பளித்தாலோ, காறித் துப்பினாலோ அது கழன்றுவிடும். சூடான தேத்தண்ணீர் வேண்டாம், ஆறவைத்துக் குடியுங்கள். வெற்றிலை, புகையிலை, பீடி, சாராயம் எதுவும் கூடாது. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் மெதுவாக அலசலாம். வலிக்கு 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு வீதம், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். பெரியவர்களுக்கு ஒரு நாளில் 8 வில்லைகளுக்கு மேல் ஆபத்து.

எச்சிலில் கொஞ்சம் இரத்தம் கலந்து வருவது வழமை. சுத்தமான துணியை அரை மணி நேரம் கடித்தும் இரத்தம் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து வலி கூடினாலும் போய்க் காட்டுங்கள். காய்ச்சலோடு வீக்கம் கழுத்துக்கு இறங்கினால், விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமானால் இரவென்றும் பார்க்காமல் புறப்பட வேண்டும்.

இனி நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்வோம். பல் பிடுங்கியவர் 24 மணி நேரமாவது பாரம் தூக்கக்கூடாது, குனிந்து கடும் வேலை செய்யக்கூடாது. செய்தால் மறுபடியும் இரத்தம் கசியும். ஆனால் நமது பெண்கள் மறுநாள் காலையிலேயே கொழுந்துக் கூடையோடு மலையில் நிற்கிறார்கள். பல்லுக்கெல்லாம் லீவு கொடுத்தால் வேலை எப்படி நடக்கும் என்று நிர்வாகம் கேட்கலாம். வேளையோடு அரை நாள் விட்டிருந்தால் பல்லை அடைத்துக்கொண்டு அவர் மறுநாளே வேலைக்கு வந்திருப்பார். முகம் வீங்கி நாட்கணக்கில் லயத்தில் படுத்திருப்பதால் தோட்டத்துக்குத்தான் என்ன இலாபம்?

ஆகவே, ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டும் தொழிலாளிக்குப் பல் கிளினிக் போகும் நாளில் அரைப்பேராவது போட வேண்டும். பிடுங்கிய மறுநாள் ஓய்வு கொடுக்க வேண்டும், அல்லது பாரமில்லாத வேலை கொடுக்க வேண்டும். நடமாடும் பல் வைத்திய சேவை டிவிஷன்களுக்கும் வரும்படி சுகாதார அதிகாரிகளிடம் நிர்வாகமும் சங்கமும் சேர்ந்து கேட்க வேண்டும். அப்படி வந்தால் பல்லை மட்டுமல்ல, வாயையும் பார்த்துவிடலாம். இலங்கையில் ஆண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது. புகையிலையும் பாக்கும் அதற்கு முக்கிய காரணங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, வாய் திறக்க முடியாத இறுக்கம் இருந்தால், வலி இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும்.

நம்மில் யாருக்காவது இப்போது ஒரு பல் கூசிக்கொண்டிருந்தால், அது வலியாக மாறும்வரை காத்திருக்க வேண்டாம். கிளினிக் போக லீவு கேட்டு மறுக்கப்பட்டால், தேதியைக் குறித்துக்கொண்டு உங்கள் தோட்டத் தலைவரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ கொடுங்கள். பேச்சுவார்த்தை மேசையில் நாம் வைக்க வேண்டியது அந்தக் கணக்கைத்தான்.