கற்பனை அரசனின் தோல்

அண்மையில் இலக்கிய நண்பரொருவருடன் எனக்கு வாய்த்தர்க்கம் ஏற்பட்டது. விடயம் ஒரு விளையாட்டுச் சீட்டு.

'மெஜிக்: த கெதரிங்' என்ற சித்திரச் சீட்டு விளையாட்டை எமது இளைஞர் சிலரும் அறிவர். மந்திரவாதிகள், பறக்கும் நாகங்கள், அசுரர்கள் எனக் கற்பனையுலகின் ஓவியங்களே அதன் உயிர். அதனை வெளியிடும் விஸார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் என்ற அமெரிக்க நிறுவனம், 2023 இல் டொல்கீனின் 'த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' நாவலைத் தழுவி ஒரு தொகுதியைக் கொண்டுவந்தது. அதில் அரகோர்ன் என்ற அரசன் கறுப்பினத்தவனாக வரையப்பட்டிருந்தான். அந்தப் படத்துக்கு இணையத்தில் கிடைத்த வசைகளை என் மருமகன் எனக்குக் காட்டினான். அவற்றை இங்கு எழுதி இப்பக்கங்களை அசுத்தப்படுத்த நான் விரும்பவில்லை.

"வெள்ளக்காரன்ட கதை, வெள்ளக்காரன்ட சண்டை. நாங்க ஏன் நானா தலையப் போடணும்?" என்றார் நண்பர்.

அவருக்கு ஒன்றை ஞாபகப்படுத்தினேன். 2020 ஜூன் மாதத்தில் இதே நிறுவனம் இனவாதச் சாயல் கொண்டவை என்று தனது பழைய சீட்டுகள் ஏழை விலக்கியது. அவற்றிலொன்று கு க்ளக்ஸ் க்ளான் கொலைகாரரை நினைவூட்டும் முக்காட்டு உருவங்களைக் கொண்டது. இன்னொன்றின் பெயர் 'ஜிஹாத்'. ஆயிரத்தொரு இரவுகளைத் தழுவி 1993 இல் வந்த 'அரேபியன் நைட்ஸ்' தொகுதியைச் சேர்ந்தது அது. அந்தச் செய்தியை அன்று மகிழ்ச்சியோடு எனக்கு அனுப்பியவர் இதே நண்பர்தான்! நமக்கு நோகும்போது அநீதி. மற்றவனுக்கு நோகும்போது வெள்ளைக்காரன் சண்டையா?

வசை பாடியவர்கள் கையிலெடுத்த ஆயுதம் 'மூலப்பிரதிக்கு விசுவாசம்' என்பதாகும். நேர்மையாகவே பேசுவோம். நாவலில் அரகோர்னின் முகம் வெளிறியது என்றுதான் இருக்கிறது. ஆகவே, ஓவியர் மூலத்திலிருந்து விலகியது சரியா என்று ஒருவர் கேட்கலாம். அது விமர்சனம். 2001 இல் வந்த திரைப்படத்தில், நாவலின் குளோர்பிண்டெல் செய்த வேலையை ஆர்வென் என்ற பெண் பாத்திரத்துக்குக் கொடுத்தார்கள். அதையும் விவாதிக்கலாம். ஆனால் 'இது மூலத்தில் இல்லை' என்பது ஒரு பேச்சு. 'இந்த நிறத்தவனுக்கு அரியணையா?' என்பது வேறு பேச்சு. முதலாவதன் சட்டையை அணிந்துகொண்டு இரண்டாவது உள்ளே நுழைவதுதான் ஆபத்து.

மறுபக்கத்தையும் பாருங்கள். உர்சுலா லெ குவின் 1968 இல் எழுதிய நாவலின் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். 2004 இல் தொலைக்காட்சித் தொடராக்கியபோது அவனை வெள்ளையனாக்கினார்கள். எழுத்தாளரே வெளிப்படையாகத் தன் எதிர்ப்பை எழுத நேர்ந்தது. மூலப்பிரதியின் காவலர்கள் அன்று இத்தனை ஆவேசத்துடன் வாளை உருவினார்களா?

சரி, வசைகளை என்ன செய்வது? 'கண்டுகொள்ளாதே, தானாக அடங்கும்' என்பது ஒரு கட்சி. சத்தமில்லாமல் அழித்துவிடு என்பது இன்னொரு கட்சி. இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. கலியாண வீட்டில் விருந்தாளியொருவரை ஒருவன் நிறம் சொல்லி இழிவுபடுத்தினால், வீட்டுக்காரர் கேளாதவர்போல சஹனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவதில்லை. எல்லோர் முன்னிலையிலும் அவனை எழுப்பி அனுப்புவார். ஏன் அனுப்புகிறேன் என்றும் சொல்வார். படத்தைச் சபையில் வைத்தவரின் கடமையும் அதுவே. மூலப்பிரதி பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். வசையை அகற்ற வேண்டும். காரணத்தைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். மௌனமாக அழித்தால் வசைகாரன் தன்னைத் தியாகி என்பான். அழிக்காமல் விட்டால் ஓவியர் தனித்துவிடப்படுவார்.

'வெறும் வார்த்தைகள்தானே' என்போருக்கு ஒரு சொல்: திகன. 2018 மார்ச்சில் கண்டியில் எமது வீடுகளும் கடைகளும் எரிவதற்கு முன்னும், எரியும்போதும் அந்த வார்த்தைகள் முகநூலில் ஓடின. அதில் தனது தளம் வகித்த பங்குக்காக அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்தான்.

கடைசியாக, எங்கள் முதுகையும் பார்த்துக்கொள்வோம். நாம் பெருமை பேசும் ஆயிரத்தொரு இரவுகள் எப்படித் தொடங்குகிறது? அரசியின் துரோகத்தை அருவருப்பாகக் காட்ட அங்கே கறுப்பு அடிமையொருவன் கொண்டுவரப்படுகிறான். கற்பனை இலக்கியத்தின் இந்த நோய் மேற்கில் மட்டும் பிறந்ததல்ல. புத்தளத்தை அண்டிய சிரம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களைக் குறிக்கும் 'காப்பிலி' என்ற சொல்லை நாம் வீட்டில் பிள்ளையைத் திட்டவும் எடுத்துக்கொள்கிறோம். அந்தச் சொல்லின் வேர் அரபிதான். மணப்பெண் தேடும்போது நாம் கேட்கும் முதல் கேள்வி என்னவென்பதும் எல்லோரும் அறிந்ததே.

நண்பர் இன்னும் என்னோடு கோபமாக இருக்கிறார். இருக்கட்டும். கதையில் நாகம் பறந்தால் நம்புகிறோம், மரம் நடந்தால் நம்புகிறோம். ஒரு கறுப்பு மனிதன் முடிசூடினால் மட்டும் நமது கற்பனை ஏன் முடங்கிப்போகிறது? இந்தக் கேள்விக்கு அவர் இதே பக்கங்களில் பதில் எழுதட்டும். நான் வாசிக்கக் காத்திருக்கிறேன்.