பாதிப் படிக்கட்டு

'எல்லாருக்கும் கதவைத் திறந்து வச்சிருக்கோம்' என்று அமெரிக்கா தன் சமுதாயக் கல்லூரிகளைக் காட்டிப் பெருமை பேசுகிறது. கதவு திறந்திருக்கு, சரி. உள்ளே படிக்கட்டு எதுவரைக்கும் போகுது? அதைத்தானே கேட்கணும்.

வணிகவியலில் அசோசியேட் பட்டம்: 2 வருடம், 60 கிரெடிட். கணக்குப்பதிவு, பொருளாதாரம், வணிகச் சட்டம். இதற்குள்ளேயே இரண்டு பாதை. ஒன்று 4 வருடப் பட்டத்துக்கு ஏறும். மற்றது நேரே வேலைக்கு. பின்னாடி மேலே படிக்கப் போனால் பல பாடங்கள் செல்லாது. எது எந்தப் பாதைன்னு, வீட்டிலேயே முதன்முதலா காலேஜ் போற பிள்ளைக்கு யார் சொல்றது?

1960இல் பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர் இதற்குப் பெயரே வைத்தார்: 'ஆறப்போடுதல்'. ஆசையோடு வருகிறவனை விரட்ட வேண்டியதில்லை. ஆலோசனை சொல்லிச் சொல்லியே ஆசையைத் தணித்துவிடலாம். அவனும் தன்னையே நொந்துகொண்டு ஒதுங்குவான். 'உனக்கு இது போதும்ப்பா' – இந்தக் குரல் நாம் கேட்காததா?

1969இல் நியூயார்க் ஹார்லெமில் கறுப்பு, போர்ட்டோரிக்க மாணவர்கள் சிட்டி கல்லூரியைக் கைப்பற்றிக் கதவடைத்தார்கள். 1970இல் நகரப் பல்கலைக்கழகம் நகரத்தில் பள்ளி முடித்த எல்லாருக்கும் இடம் தந்தது. 1976இல் கட்டணம் வந்தது. நிதி நெருக்கடியாம்! பெரும்பாலும் வெள்ளைப் பிள்ளைகள் படித்த காலமெல்லாம் இலவசம். மற்றவர்கள் நுழைந்த ஆறாம் வருடம் காசு.

வணிகம் படிப்பது கேவலமில்லை, தோழர்களே. ஒடுக்கப்பட்டவன் கல்லாப்பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்காரத்தான் வேணும். பாதிப் படிக்கட்டைக் கட்டிட்டு மாடி இருக்குன்னு சொல்றானே, அதுதான் மோசடி. படித்த பாடம் ஒன்றுகூடக் குறையாமல் மேலே செல்லட்டும். அப்புறம் பேசுவோம், திறந்த கதவைப் பற்றி.