ஆஸ்பத்திரிக்குப் போகும் பை



வயதானவர் ஒருவரை வார்டில் சேர்த்ததும் வீட்டார் முதலில் அவருடைய பையைத்தான் ஆராய்வார்கள். சங்கிலி, காப்பு, மடியில் முடிந்து வைத்த காசு எல்லாம் வீட்டுக்குத் திரும்பும். நல்ல காரியம். ஆனால் அதோடு சேர்ந்து மூக்குக்கண்ணாடியும் பல்செட்டும் காது மெசினும் போய்விடுகின்றன. "படுத்துத்தானே இருக்கப் போறீங்கள் அம்மம்மா, கண்ணாடி என்னத்துக்கு? துலைஞ்சு போகும்."

துலையும்தான். ஆனால் கண்ணும் காதும் இல்லாமல், பழகாத கட்டிலில், இரவெல்லாம் லைட் எரியும் இடத்தில் கிடப்பவருக்குத் திடீர் மனக்குழப்பம் வர வாய்ப்புக் கூடுகிறது. பிள்ளையையே அடையாளம் தெரியாமல் பேசுவார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் ஷரன் இனூயே குழுவினர் 70 வயதும் அதற்கு மேலுமான 852 நோயாளிகளைக் கவனித்து 1999 இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான கவனிப்பில் 100 க்கு 15 பேர் குழம்பினார்கள். கண்ணாடி, காது மெசின், தண்ணீர், நல்ல நித்திரை, கொஞ்ச நடை என்று பார்த்துப் பார்த்துச் செய்த இடத்தில் அது 10 பேரளவுக்குக் குறைந்தது. புது மருந்து எதுவும் கொடுக்கவில்லை.

பை அடுக்குவதில் நம் திருகோணமலை மாவட்டத்து மூத்தவர்கள் கெட்டிக்காரர்கள். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அங்கிருந்து மிதப்புப் பாதையில் கடந்துதான் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருந்தது. மூதூர்க்காரர் கொட்டியாரக்குடாவை லோஞ்சில் கடந்தார்கள். ஒரு சாமானை மறந்தால் அதற்காக இன்னொரு முறை கடல் தாண்ட வேண்டியிருந்தது. ஆகவே மாற்றுச் சீலை, சாரம், துவாய், பிளாஸ்க், ரம்ளர், சீப்பு எதுவும் தப்பாது. ஒருவரின் தலைமாட்டில் கோணேசர் கோயில் விபூதி, பக்கத்துக் கட்டிலில் தஸ்பீஹ் மணி, அடுத்தவர் மணிக்கட்டில் பிரித் நூல். இவற்றைக் குப்பை என்று ஒதுக்கும் பேரப்பிள்ளைகள் மீது எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. வெற்றிலைப் பையை மட்டும் மிஸ்மார் பறிக்கட்டும், அதில் நான் அவர்கள் பக்கம்.

எல்லாவற்றிலும் பெரிய சொத்து கிளினிக் கொப்பி. நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பலருடைய பழைய நோய்க்கதை முழுவதும் அந்தக் கொப்பியில்தான் கிடக்கிறது. அதையும், பாதி தீர்ந்த குளிசைகள் உள்ள கடதாசி உறைகளையும் அப்படியே கொண்டு வாருங்கள். மருந்தின் பெயர் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, டொக்டர் பார்த்துக்கொள்வார்.

பல்செட்டைக் கடதாசியில் சுற்றித் தலையணைக்குக் கீழ் வைக்காதீர்கள். சாப்பாட்டுக் கழிவோடு போய்விடும். மூடியுள்ள சின்ன டப்பா போதும். டப்பாவிலும் கண்ணாடிக்கூட்டிலும் நோயாளியின் பெயரை எழுதி ஒட்டுங்கள். கட்டில் இலக்கம் வேண்டாம், இரண்டு நாளில் கட்டில் மாறிவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்